பூட்டிய வண்டி எப்படிக் களவு போகிறது?

பூட்டி நிறுத்திய காருக்குக் காவல் மூன்று: கதவுப் பூட்டு, அலாரம், இம்மொபிலைசர். பூட்டு ஆளை உள்ளே விடாது. அலாரம் சத்தம் போடும். இம்மொபிலைசர், உரிய சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாது. மூன்றும் சரியாக வேலை செய்த கார்களே காலையில் வாசலில் காணாமல் போகின்றன. தரையில் ஒரு கண்ணாடிச் சில்லுகூடக் கிடப்பதில்லை. மூன்றுமே சாவிக்குக் கட்டுப்பட்டவை என்பதுதான் காரணம். வண்டிக்கு உரிமையாளரைத் தெரியாது, சாவியைத்தான் தெரியும். இன்றைய திருடர் சாவியைக் கைப்பற்றுகிறார், அல்லது புதிய சாவி ஒன்றை உண்டாக்குகிறார், அல்லது சாவி பக்கத்திலேயே இருப்பதாக வண்டியை நம்பவைக்கிறார். இவற்றில் சேராத வழி ஒன்று உண்டு. வண்டியை ஓட்டாமலே தூக்கிச் செல்வது அது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதை அறிந்திருக்க வேண்டிய தேவை அதிகம். சேலத்தில் தேசிய நெடுஞ்சாலை 44 வடக்கிலிருந்து தெற்காகச் செல்கிறது. மேற்கே கொச்சிக்கு 544, கிழக்கே உளுந்தூர்பேட்டைக்கு 79 பிரிகின்றன. இரவில் கிளம்பும் கார் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஓசூர் வழியாகக் கர்நாடகத்துக்குள்ளோ, வாளையார் வழியாகக் கேரளத்துக்குள்ளோ நுழைந்துவிடும். வீட்டுக்காரர் விழிப்பதற்குள் வண்டி வேறு மாநிலத்தில் இருக்கும். அதோடு இது வண்டியை நம்பிப் பிழைக்கும் வட்டாரம். நாமக்கல், சங்ககிரி லாரிகளும், திருச்செங்கோடு ரிக் வண்டிகளும், எரிவாயு டேங்கர்களும், முட்டை ஏற்றும் வேன்களும் இங்கே குடும்பங்களின் முதல். வண்டி போனாலும் பைனான்ஸ் தவணை நிற்காது.

அலாரம் எதைக் காக்கிறது?

கதவு, பானட், டிக்கி ஆகியவற்றில் உள்ள சுவிட்சுகளும் ஓர் அதிர்வு உணரியும் சேர்ந்ததுதான் அலாரம். கதவு முறைகேடாகத் திறந்தாலோ வண்டி பலமாக அதிர்ந்தாலோ ஹாரன் அடிக்கும். கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பறிக்க வருபவரை விரட்ட இது போதும். வண்டியையே கொண்டுபோக வருபவரிடம் இதற்கு இரண்டு பலவீனங்கள். சரியான சிக்னலோடு கதவு திறந்தால், வந்தவர் உரிமையாளர் என்று அலாரம் தானே அடங்கிவிடும். இன்னொன்று, அதன் சத்தத்துக்கு யாரும் எழுந்து வருவதில்லை. பைபாஸ் ஓர வீடுகளில் கனரக வண்டி கடக்கும்போதெல்லாம் அலறும். தீபாவளி இரவில் தெருவே அலறும். சலித்துப்போன உரிமையாளர் உணர்திறனைக் குறைத்து வைப்பார், அல்லது ஒயரையே கழற்றிவிடச் சொல்வார். அலாரம் இருப்பதாலேயே வண்டி பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கை, அலாரம் இல்லாததைவிட ஆபத்தானது.

இம்மொபிலைசர் வேலை செய்யும் விதம்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 காலத்தில் ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஒயர்களை இணைத்து வண்டியைக் கிளப்ப முடிந்தது. திரைப்படங்களில் இன்றும் அப்படியே காட்டுகிறார்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் அது பலிக்காது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு சிப் இருக்கிறது. சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சாவியைத் திருப்பும்போது சுருள் தரும் மின்காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. ரிமோட் பேட்டரி தீர்ந்த பிறகும் கார் ஸ்டார்ட் ஆவது அதனால்தான். வண்டி ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சிப் தன்னுள் உள்ள ரகசியக் குறியீட்டைக் கொண்டு அதற்கு விடை கணக்கிட்டு அனுப்பும். விடை பொருந்தினால்தான் இன்ஜினின் கணினியான ஈ.சி.எம். எரிபொருளைத் திறந்துவிடும். சாவியின் பல் வெட்டு அச்சாகப் பொருந்தியிருந்தாலும் சிப் இல்லையென்றால் இன்ஜின் ஓடாது.

இந்தக் கருவியின் பலன் சிறிதல்ல. ஜெர்மனியில் 1995 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் இதை வற்புறுத்தின. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. இரு நாடுகளிலும் அதன்பின் கார் திருட்டு நன்றாகவே குறைந்தது. கட்டாயம் இல்லாத அமெரிக்காவில், இம்மொபிலைசர் வைக்காமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா மாடல்களைத் திருடுவது எப்படி என்ற வீடியோக்கள் 2022-ல் இளைஞர்களிடையே பரவி, நகரம் நகரமாகத் திருட்டு பெருகியது. ஆகவே இம்மொபிலைசர் வீண் என்று சொல்வது தவறு. அது சாவி இல்லாமல் வருபவரை நிறுத்துகிறது. சாவியோடு வருபவரை அதனால் நிறுத்த முடியாது.

நம் பக்கத்தில் இம்மொபிலைசரே இல்லாத வண்டிகளும் நிறைய ஓடுகின்றன: பழைய ஆம்னி, பழைய பொலேரோ, லோடு ஆட்டோ, டிராக்டர். ஒரே கம்பெனி டிராக்டர்களில் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேர்வதைக் கிராமத்தில் அறியாதவர் இல்லை. இத்தகைய வண்டிகளுக்குக் கீழே சொல்லப்படும் மின்னணு நுட்பங்கள் எதுவும் தேவைப்படாது. உலோகப் பூட்டு ஒன்றுதான் அவற்றுக்குக் காவல்.

சாவி கைமாறும் இடங்கள்

திருட்டு வழிகளில் மிகப் பழையதும் மிக எளியதும் அசல் சாவியைக் கைப்பற்றுவது. இம்மொபிலைசர் வந்தபின் இந்த வழியின் மதிப்பு கூடியிருக்கிறது. வீட்டு வாசலை ஒட்டிய ஆணியில் சாவியைத் தொங்கவிடும் பழக்கம் பரவலானது. ஜன்னல் வழியாகக் கொக்கிக் கம்பி எட்டும் தூரத்தில் தொங்கும் சாவி, காரையே தெருவில் திறந்து வைத்ததற்குச் சமம். கல்யாண மண்டபத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்த ஒருவர் சாவி கேட்கிறார்; அவர் மண்டபத்து ஆளா என்று யாரும் விசாரிப்பதில்லை. வாட்டர் சர்வீஸ், டிங்கரிங் பட்டறை, ஆக்டிங் டிரைவர் என்று சாவி போகும் கைகள் பல. இவர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையாக உழைப்பவர்கள். ஆனால் சாவி ஒரு பகல் முழுவதும் யார் யார் கையில் இருந்தது என்பது உரிமையாளருக்குத் தெரியாது; பிரதி எடுக்க அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

லாரித் தொழிலில் இது இன்னும் தளர்வாக இருக்கிறது. டிரைவர் மாறும்போது சாவியை டயர் மேலேயோ பம்பர் இடுக்கிலோ வைத்துவிட்டுப் போவதும், பெட்டிக்கடையில் கொடுத்து வைப்பதும் வழக்கம். ஓட்டலில் சாப்பிடும்போதோ முகவரி விசாரிக்கும்போதோ சாவியை வண்டியிலேயே விட்டு இறங்குவார்கள். இம்மாதிரி சாவியோடு விடப்பட்டுக் களவுபோன ஒரு லாரியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023-ல் தீர்ப்பானது. கவனக்குறைவைக் காரணம் காட்டி முழுத் தொகையையும் மறுக்கக் கூடாது என்று சொன்ன நீதிமன்றம், 75 சதவீதமே வழங்கச் செய்தது. மீதிக் கால் பங்கு, சாவியை விட்டு இறங்கியதன் விலை.

உதிரிச் சாவியைக் காருக்குள்ளேயே வைக்கும் பழக்கமும் உண்டு. டேஷ்போர்டு பெட்டியில் இரண்டாவது சாவி இருக்கும் காரில், கண்ணாடி உடைந்த நொடியில் இம்மொபிலைசரும் தோற்றுவிடுகிறது.

புதிய சாவியை உண்டாக்குவது

சாவி தொலைந்தால் சர்வீஸ் சென்டரில் புதிய சாவியை வண்டிக்கு அறிமுகம் செய்து தருவார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஓ.பி.டி. என்ற பரிசோதனைத் துளையில் கருவியைப் பொருத்தித்தான் இந்த வேலை நடக்கிறது. பழுது பார்க்க எல்லாப் பட்டறைகளுக்கும் வழி இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த துளை இது. அதே வகைக் கருவி கள்ளக் கைகளுக்கும் கிடைத்தபோது, காருக்குள் நுழைந்தவுடன் வெற்றுச் சாவியொன்றை அசல் சாவியாக்கும் வழி திறந்தது. டெல்லியில் பிடிபட்ட பல கும்பல்களிடம் சாவி புரோகிராம் செய்யும் கருவிகளும், ஏற்கெனவே தங்கள் சாவியோடு பொருத்தி வைத்த ஈ.சி.எம்.களும் கைப்பற்றப்பட்டன. பிந்தைய முறையில் வண்டியின் மூளையையே மாற்றிவிடுகிறார்கள். சாவியை நம்பும் மூளை திருடருடையது. விலை உயர்ந்த எஸ்.யூ.வி.கள் களவுபோவதில் இவ்வகைக்குப் பெரும் பங்கு உண்டு.

சிப்பின் ரகசியக் குறியீட்டையே உடைக்கலாம் என்பதும் நிரூபிக்கப்பட்டது. 2005-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்போது பரவலாக இருந்த ஒரு சாவிச் சிப்பின் குறியீடு மிகக் குட்டையானது என்று காட்டினார்கள். மெகாமோஸ் என்ற இன்னொரு சிப்பின் பலவீனத்தைக் கண்ட ஆய்வாளர்களை எதிர்த்து வோக்ஸ்வேகன் நிறுவனம் 2013-ல் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. ஆனால் தெருவில் நடக்கும் திருட்டுக்கு இத்தனை கணிதம் தேவைப்படவில்லை. குறியீட்டைச் சுற்றிச் செல்லும் பாதைகள் அதைவிடச் சுலபமாக இருந்தன.

சாவியே இல்லாமல் வண்டியை ஏமாற்றுவது

பையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறக்கும் ஸ்மார்ட் கீ, வசதியோடு ஒரு பலவீனத்தையும் கொண்டுவந்தது. கைப்பிடியைத் தொட்டதும் வண்டி தாழ்ந்த அலைவரிசையில் ஓர் அழைப்பை விடுக்கிறது. அது ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாது. எட்டும் தூரத்தில் சாவி இருந்தால் பதில் வரும்; பதில் வந்தால் சாவி அருகில் இருக்கிறது என்று வண்டி முடிவு செய்கிறது. வண்டி அளப்பது பதிலை, தூரத்தை அல்ல. இரண்டு பேர் இரண்டு கருவிகளோடு வந்தால், ஒருவர் காரின் அழைப்பை வாங்கி, வீட்டுச் சுவரோரம் நிற்கும் மற்றவருக்கு அனுப்ப, அவர் அதைச் சுவருக்குள் இருக்கும் சாவிக்குக் கேட்கவைக்கிறார். சாவி மேசைமேல் கிடந்தபடியே பதில் சொல்கிறது. 2011-ல் சூரிக் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள், பத்தும் ஏமாந்தன. புதிய மாடல்களில் சிலவற்றின் சாவி, சற்று நேரம் அசையாமல் இருந்தால் உறங்கிவிடும். இன்னும் சிலவற்றில் அலை போய்வரும் நேரத்தை அளந்து தூரம் கணக்கிடப்படுகிறது. வாங்கும்போது இந்த இரண்டில் ஒன்றாவது உண்டா என்று கேட்பது, சன்ரூப் உண்டா என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

பழைய ஸ்மார்ட் கீ வைத்திருப்பவர் சாவியை உலோகப் பெட்டியில் வைக்கலாம். எவர்சில்வர் டப்பாவே போதுமா என்றால், சோதித்துத்தான் சொல்ல முடியும். சாவியை டப்பாவில் போட்டு இறுக மூடி, அதைக் கையில் பிடித்துக்கொண்டே காரின் கதவைத் தொட வேண்டும். கதவு திறந்தால் அந்த டப்பா பயன்படாது.

ரிமோட் பூட்டை முடக்குவது வேறு வகை. வண்டியைவிட்டு நடந்துகொண்டே ரிமோட்டை அமுக்கும் நேரத்தில், அதே அலைவரிசையில் வேறொருவர் இரைச்சலை எழுப்பினால் வண்டிக்குக் கட்டளை கேட்காது. பூட்டாத கார் பின்னால் நிற்கும். சேலம் புதிய பேருந்து நிலையம் போன்ற நெரிசலான இடங்களில் விளக்கு மின்னியதா, கண்ணாடி மடங்கியதா என்று பார்த்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிட்டுப் போனால் இந்த வழி முழுமையாக அடைபடும். இதற்குச் செலவும் இல்லை.

அண்மைக்காலத்தில் வெளிப்பட்ட வழி, வண்டியின் உள் கம்பித் தொடரைத் தொடுவது. இன்றைய காரில் விளக்கு, கதவு, இன்ஜின் எல்லாம் கேன் என்ற தகவல் தொடர் வழியாகப் பேசிக்கொள்கின்றன. 2022-ல் லண்டனில் ஒருவரின் டொயோட்டா ராவ்4 காரில் முன்பக்க பம்பரும் ஹெட்லைட்டும் திரும்பத் திரும்பச் சேதப்படுத்தப்பட்டு, பிறகு காரே காணாமல் போனது. உரிமையாளரே வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் என்பதால் விஷயம் துலங்கியது. திருடர்கள் ஹெட்லைட் ஒயர் வழியாகத் தொடருக்குள் நுழைந்து, ‘சாவி சரிபார்க்கப்பட்டது’ என்ற பொய்ச் செய்தியை அனுப்பியிருந்தார்கள். விளக்கம் 2023-ல் வெளியானது. ஆகவே பம்பர் ஓரம் காரணமில்லாமல் இழுபட்டிருந்தாலோ ஹெட்லைட் இணைப்பு தளர்ந்திருந்தாலோ குறும்புக்காரர் வேலை என்று விடாமல், அன்றிரவே வண்டியை வேறிடத்தில் நிறுத்துவது நல்லது.

தூக்கிச் செல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழுதான காரை மேலேற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியை நெடுஞ்சாலையில் யாரும் சந்தேகிப்பதில்லை. இதற்கு எந்த மின்னணுக் காவலும் குறுக்கே நிற்காது.

களவுக்குப் பின் வண்டிக்கு நேர்வது

திருடிய வண்டியை உடனே விற்பதில்லை. ஜி.பி.எஸ். இருக்கிறதா என்று அறிய, ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில் ஓரிரு நாள் நிறுத்திவைத்துக் காத்திருப்பது தேர்ந்த கும்பல்களின் வழக்கம். பிறகு இரண்டு பாதைகள். ஒன்று பிரித்து விற்பது. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் சோத்திகஞ்ச் சந்தை இதற்கே பேர்போனதாக இருந்து, 2021 டிசம்பரில் போலீசாரால் மூடப்பட்டது. மற்றது வேறு வண்டியின் பெயரை ஏற்றுவது. விபத்தில் முழுச் சேதமாகிக் காப்பீட்டு ஏலத்தில் போகும் காரின் ஆர்.சி.யை வாங்கி, அதே மாடல், அதே நிறத்தில் ஒன்றைத் திருடி, சேசிஸ் எண்ணைத் தேய்த்து அழித்துப் புதிய எண்ணைக் குத்திவிடுகிறார்கள். காகிதங்கள் அசல், வண்டி திருட்டு.

பழைய லாரி, பழைய கார் வியாபாரம் செழிக்கும் நாமக்கல் வட்டாரத்தில் வாங்குபவர் ஏமாறும் இடம் இது. பைனான்சுக்காகச் சேசிஸ் எண்ணைப் பென்சில் அச்செடுக்கும்போது எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக இருக்கின்றனவா, சுற்றிலும் அரம் தேய்த்த தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த வண்டிகளில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும், முன்கண்ணாடியில் அதற்குரிய ஸ்டிக்கரும் உண்டு. பிளேட் ரிவிட்டுக்குப் பதில் சாதாரண ஸ்குரூவில் நின்றால் கேள்வி கேட்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் பதிவெண், சேசிஸ் எண், இன்ஜின் எண் தந்தால் அந்த வண்டி களவுப் பட்டியலில் உள்ளதா என்று இலவசமாகவே பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யாதவர், பின்னால் வண்டியையும் இழந்து, திருட்டுப் பொருளை வைத்திருந்ததற்கு விளக்கமும் சொல்ல நேரும்.

எந்தக் காவலுக்குப் பணம் செலவிடலாம்?

மேலே சொன்ன மின்னணு வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், அவை சத்தமில்லாமல் சில நிமிடங்களில் முடிவது. நேரமும் சத்தமும் தேவைப்படும் தடை எதுவும் அவற்றைக் கெடுக்கும். அதனால்தான் பழங்காலத்துப் பொருளாகத் தோன்றும் ஸ்டியரிங் பூட்டும் கியர் பூட்டும் வீல் கிளாம்பும் இன்று மறுபடி மதிப்பு பெற்றிருக்கின்றன. கம்ப்யூட்டரை ஏமாற்றியவரால் எஃகை ஏமாற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். லாரிக்கும் டிராக்டருக்கும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் மலிவானது. அதைக் கைக்கு எட்டாத, வெளியாள் ஊகிக்காத இடத்தில் வைக்க வேண்டும். எரிபொருள் பம்பு ஒயரில் மறைவான சுவிட்ச் வைப்பதும் பலன் தரும். ஆனால் வாரன்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டும் முன் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜி.பி.எஸ். கருவி திருட்டைத் தடுக்காது. போன வண்டியைத் தேட உதவும். ஓ.பி.டி. துளையில் செருகும் வகை, திருடர் முதலில் கை வைக்கும் இடத்திலேயே இருக்கிறது. தனி பேட்டரியோடு உள்ளே மறைத்துப் பொருத்துவதே பயன்படும். சிம் ரீசார்ஜ் தீர்ந்து மாதக்கணக்கில் உறங்கும் கருவிகள் ஏராளம் என்பதால், மாதம் ஒருமுறை போனில் வண்டியின் இடத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

காப்பீட்டில், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. முழுப் பாலிசியில்கூட வருவது ஐ.டி.வி. என்ற தேய்மானம் கழித்த மதிப்பே. இரண்டு முதல் மூன்று வயதான வண்டிக்குத் தேய்மானம் 30 சதவீதம், நான்கைத் தாண்டி ஐந்துக்குள் இருந்தால் 50 சதவீதம். பிரீமியத்தைக் குறைக்க ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்பவர், களவுபோனால் கிடைக்கும் தொகையையும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார். அசல் சாவிகள் எல்லாவற்றையும் ஒப்படைக்க நிறுவனம் கேட்கும். ஒரு சாவி குறைந்தாலும் கோரிக்கை சிக்கலாகும். சாவி தொலைந்தால் அன்றே புகார் பதிந்து, சர்வீஸ் சென்டரில் அந்தச் சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்து, ரசீதைப் பத்திரப்படுத்துவதுதான் முறை.

வண்டி போன முதல் மணி நேரம்

முதல் அழைப்பு 112-க்கு. வண்டியின் பதிவெண், நிறம், அடையாளக் கீறல், ஜி.பி.எஸ். இருந்தால் அது காட்டும் இடம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இடம் தெரிந்தாலும் தனியாகத் துரத்திப் போகக் கூடாது. சேலத்திலிருந்து வடக்கே ஓமலூர், தெற்கே ராசம்பாளையம், மேற்கே வைகுந்தம், கிழக்கே மேட்டுப்பட்டி என்று நெடுஞ்சாலைத் திசைகளில் டோல்கேட்டுகள் உள்ளன. அவற்றின் கேமராப் பதிவுகள் போலீசாருக்கு உதவும். ஃபாஸ்டேக்கை உடனே முடக்கிவிடாமல் பணம் இருக்கும்படி விடுவது நல்லது. அதில் பணம் கழிந்ததாக வரும் குறுஞ்செய்தி வண்டி போன திசையைக் காட்டிவிடும். டோல்கேட்டைத் தவிர்ப்பவர்களுக்கு மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழி போன்ற வேறு வழிகளும் உண்டு என்பதால், டோலில் தட்டுப்படாததாலேயே வண்டி ஊருக்குள் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது.

2024 ஜூலை 1 முதல் திருட்டு வழக்குகள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் பதியப்படுகின்றன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் தந்தால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். மகாராஷ்டிரத்தில் லாரியைப் பறிகொடுத்த நாமக்கல் உரிமையாளருக்கு இது பெரிய வசதி. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் சொல்ல வேண்டும். டிராக்டர் திருட்டு ஒன்றில் போலீசில் அன்றே புகார் தந்த உரிமையாளர், நிறுவனத்துக்கு 52 நாள் தாமதமாகத் தெரிவித்திருந்தார். அதை மட்டும் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. போலீசாருக்குச் சொல்வதில் தாமதம் இருந்திருந்தால் முடிவு இப்படி அமைந்திருக்காது. வண்டி கிடைக்கவில்லை என்று போலீசார் தரும் சான்று வந்த பிறகே தொகை தீர்வாகும். அதுவரை தவணையை நிறுத்தாமல் கட்டிவர வேண்டும், அல்லது பைனான்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் அவகாசம் பெற வேண்டும்.

வண்டி கிடைத்துவிட்டால் அது வழக்குச் சொத்தாகக் காவல் நிலைய வளாகத்தில் நிற்கும். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நின்று வீணாகக் கூடாது, உரிய பிணையோடு விரைவில் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503-ஆம் பிரிவுகளின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, ஆர்.சி., பாலிசி, அடையாளச் சான்று ஆகியவற்றோடு இடைக்காலமாக வண்டியைப் பெறலாம். வீட்டுக்கு ஓட்டிவரும் முன்பே சர்வீஸ் சென்டரில் ஓ.பி.டி. வழியாக எத்தனை சாவிகள் வண்டிக்கு அறிமுகமாகியிருக்கின்றன என்று எண்ணச் சொல்ல வேண்டும். கையில் உள்ளதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் அது திருடர் உண்டாக்கியது. எல்லாவற்றையும் அழித்து, கையில் உள்ள சாவிகளை மட்டும் மறுபடி பதிந்து, கதவுப் பூட்டுச் செட்டையும் மாற்றிய பிறகே அந்த வண்டியை மறுபடி தெருவில் நிறுத்தலாம்.